நடுநிலைப்பள்ளிக்கு ஒரு வரைபடம்

"கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தொழில் அனுபவம், போரடிக்காமல் எழுது" என்று மலர்க் குழுவிலிருந்து அண்ணன் ஒருவர் போனில் சொன்னார். நான் 2009-ல் சிவில் முடித்து வெளியே போனவன். பெரிய பாலம், அணைக்கட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. சிறிய ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். பள்ளிக்கூடங்களின் உறுதித்தன்மையைப் பார்ப்பது, இடிக்க வேண்டியதை இடிக்கச் சொல்வது, புதியதற்கு வரைபடம் போடுவது, இதுதான் சில வருஷங்களாக என் பிழைப்பு. ஆகவே பள்ளிக்கூடக் கட்டிடத்தைப் பற்றியே எழுதுகிறேன். அதிலும் நடுநிலைப்பள்ளி. ஆறு, ஏழு, எட்டு.

ஏன் குறிப்பாக நடுநிலைப்பள்ளி என்றால், நம் தமிழ்நாட்டில் வெள்ளைத்தாளில் முதல் கோட்டிலிருந்து வரையப்படாத கட்டிடம் அதுதான். ஆரம்பப்பள்ளியை ஓர் ஊரில் புதிதாகத் திறப்பார்கள். உயர்நிலைப்பள்ளிக்குப் பெரிய இடம் தேடுவார்கள். நடுநிலைப்பள்ளியோ பெரும்பாலும் "தரம் உயர்த்தப்பட்டது." அதாவது, ஐந்தாம் வகுப்பு வரை இருந்த இடத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊரும் வளர்ந்துவிட்டது, இன்னும் மூன்று வகுப்பைச் சேர்த்துக்கொள் என்று ஓர் ஆணை வரும். ஆணை ஒரு நாளில் வந்துவிடும், அறை வர வருஷக் கணக்காகும். வரும்போதும் ஒன்றாக வராது. ஒரு திட்டத்தில் ஒரு அறை, இன்னொரு திட்டத்தில் இரண்டு அறை என்று வரும். எந்த ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்குள் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். கிணறு தோண்டும்போது மண் அடுக்கு அடுக்காகத் தெரியுமே, அது மாதிரி நூறு வருஷ வரலாறு அந்த மைதானத்தைச் சுற்றித் தெரியும்.

அடி அடுக்கில் கட்டிடமே கிடையாது. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் 1822-ல் கணக்குக் கேட்டார். வந்து சேர்ந்த தொகையை 1826-ல் தன் குறிப்பில் எழுதி வைத்தார்: 12,498. இதில் பெரும்பாலானவை நாம் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று சொல்பவை. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு கோயில் மண்டபம், ஒரு மரத்தடி. வாத்தியார் எங்கே உட்கார்ந்தாரோ அதுதான் பள்ளி. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை திறந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பல ஊர்களில் இல்லை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இதே காலத்துக்குச் சற்று முன்னால் எழும்பூரில் ஒரு விஷயம் நடந்தது. அங்கே ராணுவத்தாரின் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு 1789-ல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் விடுதியில் அமைத்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைதான், வேறு யாரும் இல்லை! ஊருக்குத் திரும்பியதும் 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு "மெட்ராஸ் முறை" என்றே பெயர் விழுந்தது. சட்டாம்பிள்ளைகள் இருந்தால் ஒரே வாத்தியார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம், அதற்குத் தனித்தனி அறைகள் வேண்டாம், ஒரே ஒரு பெரிய ஹால் போதும். அந்த ஹால் அங்கே பரவியது. திண்ணையிலிருந்து கப்பலேறிப் போன முறைக்கு அவர்கள் கூரையும் நான்கு சுவரும் போட்டார்கள். பிறகு நம் போர்டு ஸ்கூல்களிலும் தடுப்பே இல்லாத நீள ஹால்தான் வழக்கமாக இருந்தது. மூன்று வகுப்பு, மூன்று வாத்தியார், மூன்று பாட்டு, ஒரே ஹால்! நம்மில் பலருடைய அப்பாக்கள் அந்த இரைச்சலில்தான் வாய்ப்பாடு படித்தார்கள்.

அந்த ஹாலின் கூரையைப் பற்றி இரண்டு வார்த்தை. பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் மங்களூர் ஓடு தென்னிந்தியா முழுக்க பள்ளிக்கூடத்துக்கும் ரயில்வே கொட்டகைக்கும் கூரையானது. சரிவு சரியாக இருந்தால் ஒழுகாது, சூடு மேலே ஏறி இடுக்கு வழியே போய்விடும், உடைந்தால் ஒரு ஓட்டை மட்டும் மாற்றலாம். இன்றுவரை நம் வெயிலுக்கு இதைவிட நியாயமான பள்ளிக்கூடக் கூரையை நான் பார்க்கவில்லை. குரங்கும் கிரிக்கெட் பந்தும்தான் அதற்கு எதிரி.

1920-ல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. போர்டு ஸ்கூல்கள் பெருகின. எட்டு வரை இருந்தால் ஹையர் எலிமெண்டரி ஸ்கூல் என்று பெயர், முடிவில் இ.எஸ்.எல்.சி. பரீட்சை. அன்றைக்கு அதுவே ஒரு படிப்பு, அதை முடித்தவருக்கு ஊரில் மரியாதையே தனி.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் பிரச்சினை கழுத்தைப் பிடித்தது. படிக்க வருகிறவர்கள் அதிகம், இடம் இல்லை, வாத்தியார் இல்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்ற பெயரில் நாம் எல்லோரும் அறிவோம். அதன் அரசியலை வேறு யாராவது எழுதட்டும். கட்டிடக்காரன் கண்ணில் படுவது வேறு ஒன்று. பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் பாடம், இரண்டு ஷிப்டு. அதாவது அறையைக் கூட்டாமல் அதே அறையில் இரண்டு மடங்கு பிள்ளைகள். ஷிப்டு முறை எங்கே வந்தாலும் அதற்குப் பின்னால் கட்டப்படாத ஓர் அறை இருக்கிறது. காமராஜர் 1954-ல் முதலமைச்சரானார், அந்தத் திட்டம் அந்த வருஷமே கைவிடப்பட்டது. பிறகு 1956-ல் மதிய உணவு. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. 1958-லிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் மேடையேறி, நான் ஓர் அறை கட்டித் தருகிறேன், நான் பத்து பெஞ்சு தருகிறேன், நான் கடிகாரம் தருகிறேன் என்று அறிவிப்பார்கள். பழைய பள்ளிகளின் சுவரில் "உபயம்" என்று பெயர் வெட்டிய கற்கள் இருக்கின்றனவே, அவற்றில் பல அந்த மேடைகளில் பிறந்தவை. பஞ்சாயத்துச் சட்டமும் 1958-ல் வந்து, ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகி, இந்தப் பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்குப் போயின. பெயர்ப்பலகையில் இன்றும் இருக்கும் "ஊராட்சி ஒன்றிய" அந்த அடுக்கு.

அதற்கு மேல் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், 1984-ல் அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரை நீண்டது. நடுநிலைப்பள்ளிக்குள் ஒரு சமையல்கட்டு நிரந்தரமாகக் குடிவந்தது, பழைய வரைபடம் எதிலும் அதற்கு இடமில்லாமலே. 1987-ல் கரும்பலகைத் திட்டம்: எந்தப் பருவத்திலும் பயன்படும் இரண்டு அறை, அகலமான வராந்தா, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை என்று ஏட்டில் அழகாக எழுதியது. 1993-ல் எம்.பி. தொகுதி நிதி வந்தது, அறை வாசலில் கல்வெட்டு சற்றுப் பெரிதானது. 2001-ல் அனைவருக்கும் கல்வி இயக்கம். இப்படித் திட்டத்துக்கு ஓர் அறையாக மைதானத்தைச் சுற்றி அறைகள் முளைத்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் தரைமட்டம் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஒரு கட்டிடத்தின் மழைநீர் அடுத்த கட்டிடத்தின் அஸ்திவாரத்தில் விழும், நடுவில் சமையல்கட்டு புகையும். மொத்தப் பள்ளியையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

2004 ஜூலை 16. அன்று நான் பள்ளி மாணவன். கும்பகோணத்தில் சமையல் நடந்த கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீ மாடியில் இருந்த கூரை வகுப்பறைக்குத் தாவியது. 94 குழந்தைகள். அன்றைக்குச் சாயங்காலம் டி.வி.யில் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டில் அதைப் பார்க்காதவர் யார்? கல்லூரியில் சேர்ந்த பிறகு, கட்டிடம் என்ற பாடத்தைப் படிக்கும்போதுதான் அதை வேறு விதமாக யோசித்தேன். அங்கே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. அடுப்பு, அதன் மேலே ஓலை, அதன் பக்கத்தில் இன்னொரு ஓலை, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டிடத்துக்குள் நெரிசலாகப் பிள்ளைகள். கூரையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது கிராமத்தில் எந்தப் பாட்டிக்கும் தெரியும். ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவர் தனித்தனியாக அனுமதித்த துண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாகப் பார்க்கும் வேலை யாருடையதாகவும் இருக்கவில்லை.

அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரை இறக்கப்பட்டது. நீதிபதி சம்பத் கமிஷன் விசாரித்தது. 2005-ல் திருத்தி வெளிவந்த தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, பள்ளியில் படிக்கட்டின் அகலம் 1.5 மீட்டருக்குக் குறையக்கூடாது என்றது. கும்பகோணத்தை முன்வைத்துப் போடப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு பகுதிதான் என்று தீர்ப்பளித்தது. அதே 2009-ல் கல்வி உரிமைச் சட்டம். வாத்தியாருக்கு ஓர் அறை, தடையில்லாத நுழைவு, தனிக் கழிப்பறை, சமையலறை, சுற்றுச்சுவர் எல்லாம் அதன் அட்டவணையில் வந்துவிட்டன. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றும் வந்தது. இப்போது இருக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் நாளை கையெழுத்துப் போடப்போகும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இப்படி ஒரு தேதி இருக்கிறது.

இனி என் ஊர்க் கதை. என் சொந்த ஊர் இல்லை, வேலை பார்த்த ஊர். சென்னைக்குத் தெற்கே, கடலிலிருந்து சில மைல் உள்ளே. பெயர் வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன்னால் வயலும் ஏரியும். இப்போது ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த அடுக்குமாடிப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். ஒன்றியப் பள்ளிக்கு வருகிறவர்கள் ஊர்க்காரர்கள், வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் வந்து குடியேறிய மற்ற மாவட்டத்துக் குடும்பங்கள், கட்டுமான வேலைக்கு வந்த ஒரிசா, பீகார் குடும்பங்கள். அந்த அடுக்குமாடிகளைக் கட்டியவர்களின் பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் ஒடியா பேசுவான், தமிழில் கட்டுரை எழுதுவான், கணக்கில் முதல் மார்க்.

2022-ல் ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியும் அரசுப் பங்கும் சேர்ந்து புதுக் கட்டிடம் என்று முடிவாகி, பழையதைச் சோதிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின டிசம்பரில், 2021-ல், திருநெல்வேலியில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்திருந்தார்கள். மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டிடங்களை இடிக்கச் சொல்லி உத்தரவு. ஆளுக்கு ஆள் பயம். எல்லாவற்றையும் இடித்துவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை என்ற மனநிலை.

அந்த வளாகத்தில் மூன்று இருந்தன. ஜில்லா போர்டு காலத்து ஓட்டு ஹால். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், பனைமரக் கைகள், மங்களூர் ஓடு. அடுத்து 1959-ல் ஊரார் கட்டிக்கொடுத்த ஓர் அறை, மெட்ராஸ் டெரஸ். வாசலில் உபயக் கல், ஐந்து பேர் பெயர். மூன்றாவது, 1990-களில் எழுந்த இரண்டு கான்கிரீட் அறைகள். எந்தத் திட்டம், யார் கட்டியது என்பது இங்கே தேவையில்லை.

பட்டியலில் முதலில் "இடிக்க" என்று எழுதியிருந்தது ஓட்டு ஹாலும் 1959 அறையும். பழசு என்பதால். கான்கிரீட் அறைகளுக்கு வெள்ளையடித்தால் போதும் என்றிருந்தது.

நம் கல்லூரியில் பேராசிரியர் ஒருவர், எதையும் இடிக்கச் சொல்வதற்கு முன்னால் தட்டிப் பார் என்பார். சுத்தியலை எடுத்துத் தட்டினேன். கான்கிரீட் அறையின் தளத்தில் பாதிக்கு மேல் பொத்து பொத்து என்றது. ஒரு துண்டைப் பெயர்த்ததும் கம்பி துரு ஏறித் தடித்து, அடிப்பூச்சைத் தள்ளிக்கொண்டிருந்தது. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் காலத்து விதி 15 மில்லிமீட்டர் கேட்டது, 2000-ல் திருத்தியபோது சாதாரண இடத்துக்கே 20 ஆக்கி, உப்புக்காற்று அடிக்கும் இடத்துக்கு இன்னும் கூட்டினார்கள். இங்கே 15-ம் கிடைக்கவில்லை. போதாததற்குக் கலவைக்கு ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். மொட்டைமாடியில் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஒவ்வொரு ஐப்பசியிலும் குளம். அரைமின்கல அழுத்தச் சோதனை செய்தோம். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துரு ஓடிக்கொண்டிருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்பது கணக்கு. பெரும்பாலான புள்ளிகளில் தாண்டியது. அந்த அறையில் அன்று எட்டாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மதிய மணி அடித்ததும் தலைமையாசிரியையிடம் போய், "டீச்சர், மத்தியானத்திலிருந்து இந்த ரெண்டு ரூமையும் பூட்டிடுங்க, எழுத்து மூலமா நான் இன்னைக்கே தர்றேன்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "எட்டாங் கிளாஸை வேப்பமரத்தடியில உக்கார வைக்கிறேன்" என்றார். பல மாதம் அவர்கள் அங்கேதான் படித்தார்கள். வரலாறு திண்ணைக்கே திரும்பிவிட்டது!

1959 அறை என்னை ஆச்சரியப்படுத்தியது. மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போடுவார்கள் என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தேக்கு விட்டங்களுக்கு மேல், சிறிய மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் பல நாள் தட்டுவார்கள், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து. இறுகினால் கல். கடைசியில் தட்டோடு. இரும்பே இல்லாத தளத்தில் துருப்பிடிக்க என்ன இருக்கிறது? விட்டம் சுவரில் பதியும் முனைகளை மட்டும் பயந்து பயந்து திறந்து பார்த்தோம், கரையான் அங்கேதான் நுழையும். ஒன்பது விட்டத்தில் இரண்டுதான் போயிருந்தது.

பழசு என்றால் நல்லது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு ஹாலின் மேற்குச் சுவர் ஈரம் ஏறி உப்பிப்போய், ஒரு பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. பனங்கைகளில் மூன்றில் ஒரு பங்கு உளுத்துவிட்டது. ஹாலைக் காப்பாற்றலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவில் ஓர் அறை புதிதாக எழும்பும். நிதி கொடுத்தவர்கள் பிள்ளைகளுக்கு அறை கேட்டார்கள், எங்களுக்கு அருங்காட்சியகம் வேண்டாம் என்றார்கள். அது நியாயம்தான். ஹாலையும் கான்கிரீட் அறைகளையும் இடிக்கவும், 1959 அறையைப் பழுதுபார்த்து நூலகமாக வைத்துக்கொள்ளவும் எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. புதுசை இடிக்கச் சொல்லிவிட்டுப் பழசை வைத்துக்கொள்ளச் சொல்கிறானே, நாளைக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கையெழுத்து என்னுடையது, நான் பொறுப்பு என்று எழுதினேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை. பிறகு விட்டத்தின் மேல் மணல் மூட்டை ஏற்றி, தளம் எவ்வளவு இறங்குகிறது என்று 24 மணி நேரம் அளந்து காட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

ஊர்ப் பெரியவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து பேரில் ஒருவருடைய மகன், எண்பதுக்கு மேல் வயது, தடியூன்றி வந்தார். "தம்பி, எங்கப்பா ஒரு போக நெல்லை வித்துக் குடுத்த காசு இது. அவரு கையெழுத்துப் போடத் தெரியாதவரு" என்றார். கல்லை எடுக்கமாட்டோம் என்று சொன்னதும், "கல்லு கெடக்கட்டும்பா. கூரை நிக்குமான்னு சொல்லு, பசங்க உக்கார்ற எடம்" என்றார். அன்று வந்தவர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

வரைபடத்துக்கு வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தோம். எல்லோரும் கேட்டது எத்தனை அறை, எத்தனை மாடி. தலைமையாசிரியை மட்டும், "முதல்ல பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் எங்கன்னு காட்டுங்க சார்" என்றார். நடுநிலைப்பள்ளிக்கும் ஆரம்பப்பள்ளிக்கும் கட்டிடத்தில் என்ன வித்தியாசம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவது இந்த மூன்று வகுப்புகளில்தான். கழிப்பறை மைதானத்தின் கடைசி மூலையில், சுற்றுச்சுவரை ஒட்டி, தண்ணீரில்லாமல் இருந்தால் மாதத்தில் சில நாள் அந்தப் பெண் வீட்டில் இருப்பாள். பிறகு சில நாள் பல நாளாகும். எஸ்டிமேட்டில் எப்போதும் கடைசி வரியாக வரும் அந்தக் கழிப்பறையை வராந்தாவின் கிழக்கு முனையில், மாடிக்கு மாடி, மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே வைத்தோம். கட்டிடத்தின் சட்டகத்தோடு சேர்ந்த தூண், விட்டம், அஸ்திவாரம். தனியாக நிற்கும் நாலரை அங்குலச் சுவர் அந்த வளாகத்தில் இனி எங்கும் இல்லை.

அறைகள் வடக்கும் தெற்கும் பார்க்க, எட்டு அடி வராந்தா தெற்கே. வெயில் வராந்தாவோடு நின்றுவிடும், வடக்கு வெளிச்சம் கரும்பலகையில் விழும். கீழ்த்தளத்தில் சின்ன வகுப்புகள், அவர்கள் தரையில் உட்காருவதால் ஜன்னல் திண்டு தாழ்வாக. மேலே ஆறு, ஏழு, எட்டுக்குப் பெஞ்சு, திண்டு உயரம். இரண்டு முனையிலும் இரண்டு படிக்கட்டு, அகலம் விதி கேட்டதற்கு மேல் ஓர் அடி. "ஒரு படிக்கட்டைக் குறைச்சா இன்னொரு ரூம் வருமே" என்று நிதிக்காரர்களில் ஒருவர் கேட்டார். கும்பகோணம் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சமையலறையில்தான் பெரிய சண்டை. அக்கினி மூலை தென்கிழக்கு, அங்கேதான் வைக்க வேண்டும் என்று ஊரில் பலர். அந்த ஊரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்துதான் வரும். அங்கே அடுப்பு வைத்தால் சாம்பார் வாசனையும் புகையும் எல்லா வகுப்புக்கும் இலவசம். 2022-ல் காலை உணவுத் திட்டமும் தொடங்கிவிட்டதால் அடுப்பு இனி இரண்டு வேளை எரியும் என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. கடைசியில் சமையலறைக் கட்டிடத்தைத் தனியாக வடமேற்கில், வகுப்புகளை விட்டுத் தள்ளி வைத்தோம். அந்தக் கட்டிடத்துக்குள் அடுப்பு தென்கிழக்கு மூலையில். வாஸ்துவும் சந்தோஷம், காற்றும் சந்தோஷம். கேஸ் சிலிண்டருக்கு வெளியே தனிக் கூண்டு. சமையல் செய்யும் அக்கா மட்டும், "சோறு தூக்கிக்கிட்டு இவ்ளோ தூரம் நடக்கணுமா தம்பி?" என்று கேட்டார். அவருக்காக நடைபாதையைச் சமதளமாக்கி, தள்ளுவண்டி போகும்படி சரிவு வைத்தோம். சக்கர நாற்காலிக்கும் அதே சரிவு.

வளருகிற ஊருக்குக் கட்டும்போது இன்னொரு கேள்வி இருக்கிறது: இன்றைக்கு எத்தனை பேருக்கு, பத்து வருஷம் கழித்து எத்தனை பேருக்கு? நம் வழக்கம், தூண் கம்பிகளை மொட்டைமாடியில் நீட்டி விட்டுவிட்டு, காசு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது. ஊர் முழுக்க வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நிற்கின்றனவே, அதே கம்பிகள். அஸ்திவாரத்தை மூன்று தளத்துக்குக் கணக்கிட்டு, இரண்டு தளம் மட்டும் எழுப்பினோம். நீட்டிய கம்பிகளைச் சிமெண்ட் பால் பூசி, மெல்லிய கான்கிரீட்டில் புதைத்து மூடினோம். மேல்தளத்தில் ஓர் அறைக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருக்கிறோம். என்றைக்காவது உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்ந்தால் அது விஞ்ஞான ஆய்வகம். இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆணையும் ஒரு நாளில் வரும் என்று தெரியும்.

கட்டிடம் 2024 ஜூனில் திறந்தது. விழாவுக்கு எல்லோரும் வந்தார்கள், பந்தல், மைக் செட், சர்க்கரைப் பொங்கல். 1959 அறையில் இப்போது நூலகம். உபயக் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரிசாப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான், அவன் தங்கை ஆறாம் வகுப்பில் இருக்கிறாள்.

320 பிள்ளைகளுக்கு என்று கணக்குப் போட்ட கட்டிடம் அது. திறந்த மாதத்திலேயே சேர்க்கை 340-ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டு தலைமையாசிரியை போன் செய்தார். "சார், அந்த மூணாவது மாடி வரைபடம் இருக்குன்னு சொன்னீங்களே, அதை அனுப்புங்க" என்றார். அனுப்பிவிட்டேன். மழைக்கு முன்னால் கம்பிகளைத் திறந்து பார்க்கப் போகவேண்டும்.